மூத்தவர் வந்து இறங்கிய கிழமை

விமானத்திலிருந்து கடைசியாக இறங்கியவர் ஒரு பாதிரியார். அண்ணனைக் காணோம்.

கையில் மூன்று பூமாலைகளோடு ரரோடோங்கா விமான நிலையத்தில் துவாயினே விறைத்து நின்றார். மறுநாள் சனிக்கிழமை காலையில் மகன் இசாயாவுக்கு முடி இறக்கும் விழா. பதினொரு வருடம் வளர்த்த கூந்தலில் முதல் வெட்டு குடும்பத்தின் மூத்தவர் கையால் விழ வேண்டும். அண்ணன் அபெரஹாமா வராவிட்டால் அந்த உரிமை பங்காளிக்குப் போய்விடும்.

ஆக்லாந்துக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எங்கே இருக்கீங்க?"

"வீட்டுலதான். எனக்கு நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே விமானம்."

"சனிக்கிழமை அங்கே ஏறுங்க, வெள்ளிக்கிழமை இங்கே இறங்குவீங்கன்னு சொன்னேனே!"

"நீ சொன்னது உங்க ஊர்ச் சனிடா. எங்களுக்கு அது ஞாயிறு. உனக்குக் கணக்கு வராதேன்னு நானே திருத்திக்கிட்டேன்."

"நான் திருத்தித்தானே சொன்னேன்!"

மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். நடுக்கடலில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் கழியும். அந்த ஒரு நாளை இரண்டு பேரும் தனித்தனியே சரிக்கட்டிவிட்டார்கள்.

"ஒரு நாள் தப்பு பண்ணிட்டீங்கண்ணே" என்று சலித்துக்கொண்டு, துவாயினே விழாவைச் சனிக்கிழமை மாலைக்குத் தள்ளினார்.

ஒரு மணி நேரத்தில் அண்ணனே கூப்பிட்டார். "தப்பைச் சரி பண்ணிட்டேன். ஒரு நாள் மாத்தி, திங்கட்கிழமைக்கு டிக்கெட் வாங்கிட்டேன்."

"திங்களா? இங்கே ஞாயித்துக்கிழமை வந்து இறங்குவீங்க! உங்களை யாரு மாத்தச் சொன்னது?"

"நீதானே தப்புன்னு சொன்னே! மூத்தவன்கிட்ட பேசுற பேச்சாடா இது? நான் வரவே இல்லை, போ!"

வீட்டில் மனைவி தெரேயாபி இடுப்பில் கை வைத்தாள். "பன்னி அறுத்தாச்சு. நூறு பேருக்குச் சொல்லியாச்சு. உங்க பங்காளியே வெட்டட்டுமே."

"அவன் கை பட்டா இந்த வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். விழா திங்கட்கிழமை. அண்ணன் வருவார்."

"வரலைன்னு சொல்லிட்டாரே!"

"கோபத்துல சொன்னார். எங்க ரத்தம் அப்படித்தான்."

சனிக்கிழமை வந்த விருந்தாளிகள் பன்றியைத் தின்று தீர்த்து, முடியோடு நின்ற பையனை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும் துவாயினே புது மாலைகளோடு விமான நிலையத்துக்குப் போனார். விமானம் வந்தது. பெட்டிச் சோதனையில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அபெரஹாமா வெளியே வந்தார்.

"வரமாட்டேன்னீங்களே!"

"நான் வராம எவன்டா வெட்டுறது?" கோட்டுப் பையிலிருந்து கத்திரிக்கோலில் கட்டும் சிவப்பு ரிப்பனை எடுத்தார். "எங்கே என் பிள்ளை?"

அண்ணன் கழுத்தில் மாலைகளைப் போட்டபோது துவாயினேவுக்குக் கண் கலங்கியது. தலைக்கு மேலே அதே விமானம் இரைந்துகொண்டு ஆக்லாந்துக்குத் திரும்பியது.

விமான நிலைய வாசலில் பூ விற்கும் மொயானா அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெரியப்பா வரலைன்னா நாமளே அவர்கிட்ட போய் முடியை இறக்கிட்டு வருவோம்னு உன் பொஞ்சாதி பையனோட அதுலதான் ஏறியிருக்கா, உன்கிட்ட சொன்னா கௌரவம் பாப்பியாம்."