தட்டு உடையாத கிரேக்கக் கடை

ஒரு காட்டில் மேம்பாலம் கட்டினார்கள். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கடைகள் வந்தன. கடைகளுக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது. அன்றிலிருந்து அந்தக் காட்டை எல்லோரும் நகரம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

நகரமான பிறகு புல்லும் கிழங்கும் தின்றுகொண்டிருக்க முடியுமா? ஒரு வருடம் எல்லா விலங்குகளும் சீனச் சாப்பாடு சாப்பிட்டன. அடுத்த வருடம் அரேபியச் சாப்பாடு. அதற்கடுத்து கிரேக்கச் சாப்பாட்டின் முறை வந்தது. கிரேக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் சாப்பாடு உயர்ந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நகரத்தில் இரண்டு கிரேக்கக் கடைகள் இருந்தன.

ஒன்று, சலேத்தம்மா என்ற கடலாமையின் கடை. சலேத்தம்மா இளமையில் கிரேக்கத் தீவுகளின் கரையில் வாழ்ந்தவள். சமையலை அங்கேதான் கற்றாள். திராட்சை இலையில் சோற்றைப் பொதிந்து வேகவைப்பாள். கத்தரிக்காயை அடுக்கடுக்காக வைத்து, மேலே பாலாடைக்கட்டி தூவிச் சுடுவாள். ஆட்டுக்கறி மட்டும் கிடையாது. ஆடுகளும் சாப்பிட வருமே. வயதாகித் துடுப்புகளில் வலி வந்த பிறகு கரையேறி இந்தக் கடையைத் திறந்திருந்தாள். கடை ஓடாவிட்டால் மறுபடி கடலில் இறங்கித்தான் பிழைக்க வேண்டும். ஓர் அலையைக்கூட இனித் தாண்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இன்னொன்று, பெருச்சாளி பொன்னுரங்கத்தின் கடை. அவர் கிரேக்கத்தைப் படத்தில் பார்த்திருந்தார். படத்தில் சுவர் வெள்ளையாகவும் கதவு நீலமாகவும் இருந்தன. ஆகவே சுவருக்கு வெள்ளையும் கதவுக்கு நீலமும் அடித்தார். கிரேக்கச் சமையலுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்தார்.

இவற்றில் எது நல்ல கடை என்று சொல்லும் பொறுப்பை வௌவால் விசாகன் எடுத்துக்கொண்டான். அவன் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுபவன். அவன் நல்லது என்று சொன்ன கடையில் வரிசை நிற்கும். மற்ற கடைக்காரர் ஈ ஓட்டுவார். விசாகன் எந்தக் கடைக்குள்ளும் போகமாட்டான். "சாப்பிட்டுப் பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும்" என்பான். வாசலில் தலைகீழாகத் தொங்கியபடி, காதால் கேட்டே தீர்ப்புச் சொல்வான்.

அவன் ஒருநாள் சலேத்தம்மாவின் ஜன்னலில் வந்து தொங்கினான்.

"ஏன்க்கா, கிரேக்கத்துல சாப்பாடு பிடிச்சுப்போனா சந்தோஷத்துல தட்டைப் போட்டு உடைப்பாங்களாமே?"

"அது அந்தக் காலத்துல தம்பி. கல்யாணம், ஆட்டம் பாட்டம்னு இருக்கும்போது செய்வாங்க. இப்போ அங்கேயே அவ்வளவா உடைக்கிறதில்ல."

"அவங்க மறந்துட்டாங்க. நாமளாவது காப்பாத்த வேணாமா?" என்றான் விசாகன். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். எந்தக் கடையில தட்டு நல்லா உடையுதோ, அதுதான் அசல்."

அன்றைக்கே பொன்னுரங்கம் கடைக்கு ஒரு கரடி சாப்பிட வந்தது. ஒரு வாய் வைத்தது.

"யோவ்! இது பாலாடைக்கட்டியா, சுவத்துக்கு அடிச்சதுல மிச்சமா?" என்று கத்திவிட்டுத் தட்டைத் தூக்கித் தரையில் அடித்தது. பொன்னுரங்கம் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டார்.

தெருவில் போன மான்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. "உள்ளே என்ன கொண்டாட்டம்டீ!" என்று உள்ளே நுழைந்தன. சாப்பிட்டன. அவையும் உடைத்தன. அந்தச் சத்தத்துக்கு இன்னும் கூட்டம் வந்தது. இரண்டே நாளில் வரிசை மேம்பாலத்தைத் தொட்டது. பொன்னுரங்கம் மேசைக்கடியிலிருந்து எழுந்து வந்து, மீசையை முறுக்கிக்கொண்டார்.

வெளியே வந்த ஒரு மானிடம், வரிசையில் நின்ற முயல் கேட்டது: "எப்படிக்கா இருந்துச்சு?"

மான் யோசித்தது. காலையிலிருந்து நின்ற கால் இன்னும் வலித்தது. நன்றாக இல்லை என்று சொன்னால் யாருக்கு அவமானம்?

"அசல்!" என்றது மான். "வாயில வைக்க முடியாது. அதனாலதான் சொல்றேன், அசல்."

சலேத்தம்மாவுக்கு மிஞ்சிய வாடிக்கையாளன் கோதண்டம் என்ற கழுதை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் சாப்பிட்டு முடித்ததும் சலேத்தம்மா கெஞ்சினாள்.

"தம்பி, இன்னிக்கு ஒரே ஒரு தட்டை உடைச்சுடுப்பா. அந்த வௌவால் வாசல்ல தொங்குது."

கோதண்டம் தட்டைத் தூக்கினான். "ஓரத்துல கொஞ்சம் ஒட்டியிருக்குக்கா" என்று இறக்கி, நக்கினான். மறுபடி தூக்கினான். மறுபடி இறக்கினான்.

"முடியலக்கா. இதைச் சாப்பிட்டுட்டு எதையும் உடைக்கத் தோணல. எங்க முதலாளிகூட நல்லவராத் தெரியறார். நீங்களே போட்டு உடைச்சிடுங்களேன்."

"நான் போட்டா கை தவறி விழுந்த மாதிரி கேக்கும். அவன் காதை ஏமாத்த முடியாது."

வெளியே விசாகன் கைப்பேசியைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தான். "நண்பர்களே, இங்கே ஒரு சத்தமும் இல்லை. யாரோ தட்டை நக்குவது மட்டும் கேட்கிறது. பாவம், இங்கே சாப்பாடு போதவில்லை போலிருக்கிறது."

சலேத்தம்மா அதைக் கேட்டாள். கடல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், ஒரு தட்டுக் கத்தரிக்காயின் மேல் உப்பு ஜாடியை அப்படியே கவிழ்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடு தம்பி."

கோதண்டம் ஆசையோடு ஒரு வாய் எடுத்தான். மெல்வதை நிறுத்தினான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா... நீங்களா?"

அந்தத் தட்டு சுவரில் போய் மோதியது. அடுத்து மேசையில் இருந்த தட்டுகள் எல்லாம் போயின. கடைசியில் நாற்காலியும் போனது. பொன்னுரங்கம் கடையில் உடைத்தவர்கள் வெறும் கோபத்தில் உடைத்தவர்கள். நம்பிய இடத்தில் ஏமாந்தவன் உடைக்கும் சத்தமே வேறு.

வாசலில் விசாகன் சிறகடித்துத் துள்ளினான். "கேட்டீங்களா நண்பர்களே! இவ்வளவு சந்தோஷத்தை நான் இதுவரை கேட்டதே இல்லை!"

மறுநாள் வரிசை சலேத்தம்மா கடை வாசலுக்கு மாறியது. அவளும் மனம் தளராமல் எல்லாத் தட்டிலும் உப்பைக் கொட்டினாள். கடை பிழைத்தது. அவள் துடுப்புகளுக்கும் ஓய்வு கிடைத்தது.

சில நாள் கழித்துக் கோதண்டம் பின்வாசலில் வந்து நின்றான்.

"கோபம் எல்லாம் போயிடுச்சுக்கா. பழைய மாதிரி ஒரே ஒரு தட்டு தருவீங்களா? இங்கேயே நின்னு, சத்தமில்லாம சாப்பிட்டுட்டுப் போயிடறேன்."

சலேத்தம்மா பின்கதவைப் பாதி சாத்தினாள்.

"முடியாது தம்பி" என்றாள். "நல்ல சமையல் வாசனை வெளியே போயிட்டா, வரிசையில நிக்கிறவங்களுக்கு நம்ம கடை மேல சந்தேகம் வந்துடும்."

நீதி: நல்ல சாப்பாடு வாயை அடைத்துவிடும். ஆகவே, குழந்தைகளே, அது வியாபாரத்துக்கு ஆகாது.