எண்பத்தொன்றாம் எண் பையனால் வந்த வினை

நெய்வேலி,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் கொளஞ்சிநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை விஜயகுமாரியின் வீட்டுக்காரன் துரைராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் கிருஷ்ணப்ரியாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சுகமாயிருக்கவும், இந்த வருஷம் பலா நல்ல விலைக்குப் போகவும் வேலுடையான்பட்டு முருகனை வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். மண்டிச் சத்தத்தில் நான் சொல்வது உங்களுக்குப் பாதிதான் கேட்கும், கேட்ட பாதியைத் திருப்பிச் சத்தமாகக் கேட்பீர்கள், சுற்றியிருக்கிற வியாபாரிகளுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிடும். விஷயம் அப்படிப்பட்டது. உங்கள் தங்கை திங்கட்கிழமை காலையில் பெட்டியோடு அங்கே வந்திருப்பாள். என்னைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறாளோ தெரியாது. அதில் என் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது வேறு யாருமில்லை, அமெரிக்காவில் காலேஜ் படிக்கிற ஓர் ஒல்லிப் பையன். பெயர்கூட எனக்குத் தெரியாது. சட்டையில் எண்பத்தொன்று என்று போட்டிருக்கும்.

கிருஷ்ணப்ரியா சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் அல்லவா, அது என்ன வேலை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி நழுவியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு ஆட்டம் இருக்கிறது. பெயர் ஃபுட்பால், ஆனால் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். பந்தும் உருண்டை இல்லை, நுங்கு பறித்துப்போட்ட மாதிரியும் இல்லை, இரண்டு பக்கமும் கூராக இருக்கும். ஒருத்தன் நின்று எறிவான். இன்னொருத்தன் தூரமாக ஓடிப்போய், மேலே விழ வருகிறவர்களிடமிருந்து தப்பித்து, அதைப் பிடிப்பான். பிடிக்கிறவனுக்கு வைட் ரிசீவர் என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய டீம்கள் எல்லாம் உட்கார்ந்து, காலேஜில் ஆடுகிற பிள்ளைகளில் யார் யாரை எடுப்பது என்று முறைவைத்துப் பொறுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்கு முன்னால், எந்தப் பையன் எப்படி ஓடுகிறான், எப்படி முறித்துத் திரும்புகிறான், கையால் பிடிக்கிறானா நெஞ்சில் அணைத்துக்கொள்கிறானா என்று வீடியோ பார்த்து மார்க் போட்டு அனுப்ப வேண்டும். அதைத்தான் உங்கள் மருமகள் நம் குவார்ட்டர்ஸ் முன்னறையில் உட்கார்ந்து செய்கிறாள்.

டிராஃப்ட் நெருங்குகிற நேரத்தில் அவளுக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, ஸ்க்ரீனைப் பார்க்கவே கூடாது என்றுவிட்டார். கம்பெனியில் சொன்னால் வேலையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த ரிசீவர் வேலையைச் சரியாக முடித்தால் காண்ட்ராக்ட் போய் பர்மனென்ட் என்று மேனேஜர் அன்புமணி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பர்மனென்ட் என்ற வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுரங்கத்தில் எனக்கு இரண்டாவது ஷிப்ட், காலையில் சும்மாதான் இருக்கிறேன். ஆகவே நானும் உங்கள் தங்கையும் வீடியோவைப் பார்த்துச் சொல்வது, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிற மகள் அதைக் கேட்டு மார்க் சொல்வது, நான் அதை டைப் அடிப்பது என்று ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். பார்த்த நாங்கள்தான் சரியில்லை.

முதல் பையன் ஓடினான். என்னை அறியாமல் "அடடா!" என்றேன்.

"அடடான்னா இன்னாப்பா? புடிச்சானா, வுட்டானா?" என்றாள் மகள்.

"புடிச்சிட்டான்மா. ஆனா எதுத்தாப்ல ஒருத்தன் வந்து இடிச்சான் பாரு..."

"இடிச்சப்புறமும் பந்து கையிலயே இருந்துச்சா?"

நான் இடித்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர பந்தைப் பார்க்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தோம். உங்கள் தங்கை பார்ப்பதோ வேறு. பந்து எங்கே போனால் அவளுக்கென்ன? "இந்தப் புள்ள வுழுந்தவனுக்குக் கை குடுத்துத் தூக்கி வுடுதுங்க, நல்லா வளத்துருக்காங்க" என்பாள். வேகமாக ஓடுகிற இன்னொருத்தனைக் காட்டினால், "இது கோச்சு பேசறப்ப மூஞ்சத் திருப்பிக்கினு போவுது, நமக்கு வாணாம்" என்பாள். பெண் கொடுக்கப் போகிறோமா என்று கேட்டேன். முறைத்தாள். இதற்கு நடுவில் ஒரு பையன் மூன்று பேருக்கு மேலே எகிறியபோது நான் ஆவேசத்தில் "புடி, புடி, வுடாத!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜேந்திரன் எங்கள் வீட்டில் பாம்பு புகுந்துவிட்டதென்று கம்போடு ஓடிவந்தார். வந்தவர் காபி குடித்துவிட்டு, அந்தப் பையனுக்கு இடுப்பு சரியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் எண்பத்தொன்று வந்தான். நல்லாத்தான் ஓடினான். ஆட்டம் முடிகிற நேரம், அவன் பிடித்தால் ஜெயம். பந்து வந்தது, அவன் கையில் பட்டது, கீழே விழுந்தது. அவன் அப்படியே மண்டியிட்டு ஹெல்மெட்டைத் தரையில் முட்டிக்கொண்டான். உங்கள் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்ங்க, அந்தப் புள்ள ரெண்டு நாளா சாப்புடல போல. கன்னமே ஒட்டிக் கெடக்குது."

"கையில எண்ணெயைத் தடவிக்கினு வந்திருக்கான். பத்துக்கு நாலு மார்க்கு போதும்."

"ஒரு தபா வுட்டுட்டா நாலா? இவ்ளோ நேரம் ஓடுனது கணக்குல வராதா?"

"ஓடறதுக்கா சம்பளம் தராங்க? புடிக்கறதுக்கு!"

அவள் மகளுக்குக் கண்ணில் மருந்து விட எழுந்து போன சமயம் பார்த்து, நான் நாலு என்று தட்டிவிட்டேன். அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வந்து பார்த்தவள், மருந்துச் சீசாவைக் கையில் வைத்தபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நானும் கல்யாணமான நாள்லேருந்து உங்களுக்குத் தூக்கிப் போட்டுக்கினேதான் கீறேன். ஒண்ணையாவது புடிச்சிருக்கீங்களா? அந்தப் புள்ளைக்குக் கையிலயாவது பட்டுது!"

அதற்குப் பிறகு என்னென்னவோ சொன்னாள். அடுத்த வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் என் காதில் விழவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் பெட்டியை எடுத்தாள். அதில் கல்யாணப் பட்டுப்புடவையை மடித்து வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பட்டுப்புடவையோடு கிளம்புகிறவள் சீக்கிரம் திரும்புகிற எண்ணத்தில் கிளம்ப மாட்டாள் மச்சான், அதுகூடத் தெரியாதவன் இல்லை நான். கேட்டருகில் நின்று, "வெள்ளிக்கிழமை காலையில வந்து சேருங்க" என்றாள். கெடு வைக்கிறாள்! போன் செய்தால், "வேலையா இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று பட்டென்று வைத்துவிடுகிறாள். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கிறது. பாத்திரத்தின் மேல் காட்டுகிற கோபம் யார் மேல் என்று எனக்குப் புரியாதா? இரண்டு நாளாக நான் வைக்கிற ரசத்தை நானே குடித்துக்கொண்டிருக்கிறேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறாள், கண் வலியால் என்று சொல்கிறாள்.

நேற்று அவளுக்குக் கண் தெளிந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தாள். எண்பத்தொன்று வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க. அவன் முன்னாடி ஓடறான். பந்து அவனுக்குப் பின்னாடி வருது. அப்படியே ஒடம்பை முறுக்கித் திரும்பி ஒத்தக் கையால தொட்டான் பாருங்க, வேற எவனாலயும் அதைத் தொட்டிருக்கவே முடியாது. இது அவன் வுட்டது இல்லப்பா. போட்டவன் தப்பு."

நாலை அழித்துவிட்டு எட்டு போட்டாள். நான் போட்ட மார்க்கில் பாதியை மாற்றினாள். மேனேஜர் அன்புமணி இன்று பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, பர்மனென்ட் ஆர்டர் அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டார். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் மண்டியிட்டுக் கிடந்ததை நானே இன்னொருமுறை போட்டுப் பார்த்தேன். நாலு போட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் யோசித்துப் பார்த்ததில் கொஞ்சம் தெம்பும் வந்தது. பந்தை எறிந்தவன் தப்பாகக்கூட இருக்கலாம் என்று மகளே சொல்லிவிட்டாள். அப்படியானால் உங்கள் தங்கை எறிவதிலும் குறை இருக்கலாமே? நான் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் எறிந்தால் நான் எப்படிப் பிடிப்பேன்? பெரியவரான நீங்கள் இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கெடுவுக்குப் பயந்து நான் வந்து நின்றால் எனக்கு மரியாதையில்லை. ஞாயிற்றுக்கிழமை யதேச்சையாகப் பண்ருட்டிப் பக்கம் வந்தவன் போல வருகிறேன். அதற்குள் அவள் மனதை இளக்கி வையுங்கள். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. இந்த வரியை மட்டும் அவளிடம் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் மகள் சங்கீதாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடியில்லாமல், முக்கியமாகக் கண்வலியில்லாமல், நீடு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்,
துரைராஜ்

பி.கு.: உறையில் எழுத உங்கள் வீட்டு பின்கோடு என்ன என்று மகளைக் கேட்டேன். "எதுக்குப்பா லெட்டர்? வெள்ளிக்கிழமை நாமளே போறோமே, சங்கீதாவுக்கு வளைகாப்பு" என்கிறாள். சமையலுக்கு ஆள் போதாதென்று உங்கள் தங்கையை முன்னாடியே வரச் சொன்னது அக்காதானாம். அதை அவள் அன்றைக்கு என்னிடம் விவரமாகச் சொன்னாளாம், நானும் "ம்ம்" என்றேனாம். தூக்கிப் போட்டது, பிடித்தது என்று பேசியதுகூடச் சிரித்துக்கொண்டே சொன்னதுதானாம்; நான்தான் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லையாம். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். ஷிப்டை மாற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். நான்கு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் இதை நானே உங்கள் கையில் தருவேன். மண்டியில் வைத்துப் படித்துவிட்டு அங்கேயே கொளுத்திவிடுங்கள். அவள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று நான் நினைத்த விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் உண்மையிலேயே கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவாள்.