உறை பிரிக்காத ரெக்கார்டு

இனிமேல் சாப்பாட்டு மேஜையில் சாப்பிடக் கூடாது என்று கண்ணாடிக் கடைக்காரர் உத்தரவு போட்டார். அவர் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டாள். அவள் பேசாமலிருந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். அதை அவர் கவனிக்கவில்லை. ஊரார் பார்வையை அளந்து கண்ணாடி மாட்டுகிறவர்தான். வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் வெள்ளெழுத்து.

மேஜை முழுக்க விளம்பர ரெக்கார்டுகள். ஒரு காலத்தில் சோப்பு வாங்கியவர்களுக்கும் பல்பு வாங்கியவர்களுக்கும் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தவை. காகிதம் மாதிரி வளையும் பிளாஸ்டிக். ஒரு பக்கம்தான் பேசும். அவற்றின் குறைகளைப் பிள்ளையின் குறும்புபோலப் பெருமையாகச் சொல்லுவார். சுருண்டுகொள்ளும், அதனால் மேஜையில் பரப்பி, மேலே அகராதியும் இஸ்திரிப் பெட்டியும் ஏற்றிவைக்க வேண்டும். சுற்றும்போது வழுக்கும், அதனால் நடுவில் ஒரு காசு. ஒரு மடிப்பு விழுந்தால் முள் தாவிவிடும். சோப்பு விளம்பரத்துப் பெண் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே தலை துவட்டிக்கொள்வாள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, போடப் போடத் தேயும்.

அதனால் நல்ல ரெக்கார்டை அவர் போடுவதே இல்லை.

இருப்பதில் ராஜா, ஒரு பூட்டுக் கம்பெனியின் நீல ரெக்கார்டு. பழைய பேப்பர் கடையில், ஒட்டிய உறை பிரிக்காமல் கிடைத்தது.

“ஒரு தடவை போடுங்களேன், கேப்போம்” என்றாள் மனைவி.

“போட்டா மதிப்பு போச்சு.”

“கேக்காம எதுக்குங்க ரெக்கார்டு?”

“கேட்டவன் ஆயிரம் பேர் இருப்பான். கேக்காம வெச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.”

“என்னையும் சேத்துக்குங்க. நானும் இத்தனை வருஷமா கேக்காமத்தான் இருக்கேன்.”

குடும்பத்தைப் பற்றிய பொதுவான புகார் என்று அதை அவர் விட்டுவிட்டார். அவர் கடைக்கும், அவள் பள்ளிக்கூட ஆபீசுக்கும் கிளம்பினார்கள். வாசலில் வழக்கம்போல அவள் கேட்டாள்:

“பூட்டினீங்களா? இழுத்துப் பாத்தீங்களா? இன்னொரு தடவை இழுங்க.”

அவரும் வழக்கம்போல இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுப் பல் டாக்டர் நீல ரெக்கார்டைப் பார்க்க இறங்கி வந்தார். அவரும் சேகரிப்பவர்தான். ஆனால் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டுத் தேய்த்துவிடுகிற ஊதாரி. மனைவி டீ கொண்டுவந்தாள். வைக்க மேஜையில் இடமில்லை. தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

“டாக்டர் அண்ணே, நீங்கதான் சாட்சி. அந்த ரெக்கார்டுல என்ன இருக்குன்னு நான் சொல்றேன். சரியா இருந்தா மேஜை எனக்கு.”

“தப்பா இருந்தா?” என்றார் கணவர்.

“என் பீரோவை எடுத்துக்குங்க. துணிமணியையும் மடியிலயே வெச்சுக்கிறேன்.”

பீரோ! அகலமான தட்டுகள். சேகரிப்பு மொத்தமும் சுருளாமல் படுத்துத் தூங்கலாம். நீலத்தை ஒரே ஒரு தடவை தேய்த்தால் போதும். லென்ஸை எடுத்துவந்து உறையின் ஒட்டை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். ஒரு நகம்கூடப் பட்டதில்லை.

“சொல்லு பாப்போம்.”

அவள் தட்டை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“‘பூட்டினீங்களா? இழுத்துப் பாத்தீங்களா? இன்னொரு தடவை இழுங்க.’ அப்புறம் ஒரு தும்மல்.”

“தும்மலா!” டாக்டருக்கு டீ சிந்தியது. “விளம்பரத்துல யாராவது தும்முவாங்களா தங்கச்சி?”

“வாசல்ல தினமும் பாடுற பாட்டையே இங்கயும் பாடுறா டாக்டர்” என்று கணவர் சிரித்துக்கொண்டே உறையைப் பிளேடால் கீறினார். நடுவில் காசை வைத்தார். முள்ளை இறக்கினார்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், இளசாக, தெளிவாக:

“பூட்டினீங்களா?”

அவர் கை தானாக எழுந்து, இல்லாத பூட்டை இழுத்தது.

கடைசியில் தும்மல். முதலில் சின்னதாக ஒரு ஒத்திகை, அப்புறம் வீடு அதிர முழுசாக ஒன்று. அந்தத் தும்மலை அவருக்கு எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும்.

“எப்ப... எப்படிப் போட்டே?”

“நான் எங்க போட்டேன்? பேசினதோட சரி. கல்யாணத்துக்கு முன்னாடி அந்தக் கம்பெனியிலதான் டைப் அடிச்சிட்டிருந்தேன். பேச வேண்டிய பொண்ணு வரலை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ரூம் பூரா தூசி. தும்மலைக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க, அப்படியே விட்டுட்டாங்க. பூட்டு வாங்கினவங்களுக்குத்தான் ரெக்கார்டு, எங்களுக்கு இல்ல. என் குரலை நானே இன்னிக்குத்தான் கேக்கிறேன்.”

“நீ டைப் அடிச்சது பூட்டுக் கம்பெனியிலயா?”

“இதையும் இன்னிக்குத்தான் கேக்குறீங்க.”

டாக்டர் கீறிய உறையைப் பணிவாக நீட்டினார். “தங்கச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

இது தனக்குத் தோன்றவில்லையே என்று கணவருக்கு இருந்தது.

சாயங்காலத்துக்குள் மேஜை காலியாகிவிட்டது. அவள் துடைத்துத் தட்டுகளை வைத்தாள். அவர் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகரிப்பிலேயே உயர்ந்தது தினமும் வாசலில் நின்று பேசியிருக்கிறது. அவர் பூட்டை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“ஏம்மா, அதை இன்னொரு தடவை சொல்லேன். நேர்ல கேக்கணும்.”

அவள் அவர் தட்டில் சோற்றைப் போட்டாள்.

“வேண்டாங்க. சொல்லச் சொல்லத் தேயும்.”