மாவடிப்பள்ளி ரோட்டில் கொட்டிய தயிர்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. முடிவை எடுத்துவிட்டுத்தான் யோசனை கேட்கப் போவேன். "ஓம், நல்லம்" என்று சொல்பவர் அறிவாளி. "வேணாம்" என்பவர் பொறாமைக்காரர். (என் மனைவி ஜெஸீமா இந்த வியாதிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை எழுத்தில் போட முடியாது.) அது நன்றாக முற்றியிருந்த காலத்தில் நான் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள்.

சண்டை முடிந்த வருசம் அது. பொத்துவில் ரோட்டில் சோதனைச்சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. அறுகம்பேயில் அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் விடிந்தாலும் முட்டை, பொழுதுபட்டாலும் முட்டை என்று தின்றார்கள். சாய்ந்தமருதிலிருந்து அந்த விடுதிகளுக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் தொழில். மோட்டார் சைக்கிளின் பின்னால் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு, குழிக்குக் குழி ஸலவாத்து ஓதிக்கொண்டு போவேன். போய்ச் சேரும்போது பாதி முட்டை பொரிக்கத் தயாராக இருக்கும்.

அப்போதுதான் வாகனப் புரோக்கர் மஜீத் காக்கா வெள்ளை பிக்கப் ஒன்றோடு வந்தார். பதினைந்து வருசம் பழையது. ஆனால் பெயின்ட் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. பின்பெட்டிக்குள் கறுப்பு ரப்பர் விரிப்பு.

"வெள்ளக்காரன் ஓட்டின வாகனம் தம்பி. சுனாமிக்குப் பொறகு வந்தவன், இப்ப ஊருக்குப் போறான். அவசரத்துல குடுக்கான். உங்கட நசீபுக்குத்தான் இது வந்திரிக்கி."

அந்த இடத்திலேயே என் மனம் நிக்காஹ் முடித்துவிட்டது. முற்பணத்தையும் கொடுத்தேன். பிறகு, என் வழக்கப்படி, யோசனை கேட்க யோகனிடம் போனேன்.

யோகன் காரைதீவில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருந்தான். அவன் எனக்கு யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கடல் வந்த அன்று என் உம்மாவைக் காணவில்லை. இரண்டு நாள் என்னோடு நடந்து தேடியவன் அவன். அவனுடைய கராச்சும் அள்ளுண்டு போயிருந்தது. அதை எட்டிப் பார்க்காமல் என்னோடு நடந்தான். உம்மாவைக் கண்டதும் அவன்தான், தன் சட்டையைக் கழற்றி மூடியதும் அவன்தான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பார்களா தெரியாது.

அவன் பிக்கப்பின் பொனட்டைத் திறக்கவே இல்லை. நேரே உள்ளே ஏறி, சீட் பெல்ட்டை முடியும்வரை இழுத்தான். உருளைக்குள் சுருண்டு கிடந்த கடைசிப் பகுதியில் பழுப்பாக ஒரு கறை. தட்டினான், பொடி மணல் உதிர்ந்தது. பிறகு சீட்டுக்கடியில் விரலை விட்டுத் தடவி நாக்கில் வைத்தான். (டொக்டர் மருந்து ருசி பார்ப்பதை நான் கண்டதில்லை. மெக்கானிக் பார்ப்பதை அன்றுதான் கண்டேன்.)

"மச்சான், இது வேணாம்டா. கடலுக்குள்ள கிடந்து வந்த சாமான். மேலால பட்டி போட்டுப் பெயின்ட் அடிச்சிருக்கானுகள். கீழ எல்லாம் உக்கிப்போய் இருக்கும்."

"எங்கட ஊருல உப்பில்லாத தகரம் எங்கடா இரிக்கி? எங்கட வீட்டு ஃபேனும் உப்பு, கதவு ஆணியும் உப்பு."

"அது காத்துல வாற உப்பு. இது வேற. புள்ளகுட்டிகளை இதுல ஏத்தாத. கடல் வந்த அண்டைக்கு இதுக்குள்ள யார் இருந்தாங்களோ, அதுவும் தெரியா."

நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். முற்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் முதல்நாள் மஜீத் காக்கா தேத்தண்ணி குடித்தபடி, "அந்த மெக்கானிக் யோகன் பாஸுக்கும் இதுல ஒரு கண் இரிக்கி தம்பி, கவனம்" என்று காதில் போட்டிருந்தார். அது உள்ளே கிடந்து புளித்துப்போயிருந்தது. நான் சொன்னேன்:

"உங்கட ஆக்களுக்கு நாங்க ஒரு சாமான் வாங்கினாப் பொறுக்காதுதானே?"

உங்கட ஆக்கள். அந்த இரண்டு சொல்லும் அந்தக் காலத்தில் கல்முனைப் பக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே சந்திக்குச் சந்தி கிடந்தன. நானும் பொறுக்கிக்கொண்டு போய் அவன் முகத்தில் எறிந்தேன். என் உம்மாவைச் சட்டையால் மூடியவனின் முகத்தில். நாக்கை அறுத்து நாய்க்குப் போட்டிருக்க வேண்டும்.

யோகன் கழிவுத் துணியில் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"சரி, நீ எடு" என்றான்.

வீட்டுக்குப் போனதும் ஜெஸீமா கேட்டாள். "யோகன் பாஸ் என்னவாம்?"

"நல்ல வாகனமாம்."

"அப்பயும் இஸ்திகாரா தொழுதுட்டு எடுங்க" என்றாள்.

ஒரு காரியத்தில் நன்மை எது என்று அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுவது இஸ்திகாரா. முற்பணம் கொடுத்த பிறகு அதைத் தொழுதவன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வழி கேட்கும் சாட்டில் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். மறுநாள் சுபஹுத் தொழுகையில் ஸலாம் கொடுத்து முடிக்க, வாசலில் 'பாம்' என்று ஹார்ன் சத்தம். வெள்ளை பிக்கப் நிற்கிறது! அல்லாஹ்வின் பதில் என்று கண் கலங்கிப்போனேன். மஜீத் காக்காவின் பெருவிரல் என்று பிறகுதான் விளங்கியது.

வாங்கிய மூன்றாம் கிழமை ஜெஸீமாவின் தங்கைக்குக் கல்யாணம். விருந்துக்குத் தயிர் எடுத்து வரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். புது வாகனத்தை ஊர் பார்க்க வேண்டாமா! மாவடிப்பள்ளியில் நூற்றுக்கு மேல் தயிர்ச் சட்டிகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு பக்கமும் வயல், நல்ல காற்று. ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டேன். அப்படிக் கை போடத்தான் அந்த வாகனத்தையே வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

பின்னால் 'டப்' என்றது. சைலன்சராக்கும் என்று விட்டேன். இன்னொரு 'டப்'. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். பொறாமை என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். 'டப், டப், டப்.' அவன் விரட்டி வந்து பக்கத்தில் சேர்ந்தான். முகம், மீசை எல்லாம் வெள்ளை.

"காக்கா! உங்கட பிக்கப் வழி நெடுகத் தயிர்ச் சட்டி பெத்துப் போட்டுட்டு வருது!"

பிரேக் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ரப்பர் விரிப்புக்குக் கீழே தகரம் என்று ஒன்று மிச்சம் இருக்கவில்லை, பட்டிப் பூச்சுதான் இருந்தது. மிச்சச் சட்டிகளில் பாதி அந்த ஓட்டையால் ஒரேயடியாக இறங்கியது. பின்சில்லுப் பக்கம் முறிந்து, மாடு படுத்தமாதிரி பிக்கப் ரோட்டில் குந்தியது. எங்கிருந்தோ நாய்கள் வந்தன. கொக்குகளும் வந்தன. கல்யாண விருந்து அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

மஜீத் காக்காவின் போன் வேலை செய்யவில்லை. யோகனின் நம்பரை இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் அழுத்தாமல் விட்டேன். என்ன முகத்தோடு கூப்பிடுவது?

கூப்பிடாமலே வந்தான். கராச்சில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரவல் வாங்கிய சின்ன லொறி, பலகை, கயிறு எல்லாவற்றோடும் வந்து இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. பிக்கப்புக்கடியில் நுழைந்து, ஜாக்கி வைத்து நிமிர்த்தினான். மேலேயிருந்து தயிர் அவன் தலையில் வடிந்தது. துடைக்காமல் வேலை செய்தான். உடையாத சட்டிகளை லொறியில் ஏற்றி, மாப்பிள்ளை வர முன்னமே கல்யாண வீட்டு வாசலில் இறக்கினான். பல பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரு சஹன் தட்டுக்கு ஒரு சட்டி என்று இருந்ததை இரண்டு சஹனுக்கு ஒன்றாக்கிச் சமாளித்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

"சாப்பிட்டுட்டுப் போ யோகன்" என்று கையைப் பிடித்தேன்.

"இல்ல முதலாளி. கராச்சுல வேலை கிடக்கு."

முதலாளி! பதினெட்டு வருசம் மச்சான் என்று கூப்பிட்ட வாய். அவன் தலைமயிரில் தயிர் காய்ந்து ஒட்டியிருந்தது. "சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும்.

நான்கு நாள் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் நான் அப்பயே மறந்துட்டன்" என்று கதிரை போட்டான், பிளேன் டீ வரவழைத்தான். சண்டை பிடித்திருக்கலாம், கன்னத்தைப் பொத்தி ஒன்று தந்திருக்கலாம். மரியாதையாக நடத்தினான்.

பிக்கப் பழைய இரும்புக்குப் போனது. என் பெயர் மனைவி குடும்பத்தில் 'தயிர் மச்சான்' என்று நிலைத்தது. இன்றைக்கும் எந்த விருந்திலும் தயிர்ச் சட்டி வந்தால், "மச்சான், கீழ ஓட்டை பாத்தீங்களா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பெருநாளைக்கு யோகனும் வருவான். அவனும் சிரிப்பான். தலையில் தயிர் வடிந்ததை அவனே நடித்துக் காட்டுவான். நான் கராச்சில் சொன்ன அந்த வசனம் மட்டும் கதையில் வராது. அது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

போன வருசம் ஒரு வேன் விலைக்கு வந்தது. இந்த முறை முற்பணம் கொடுக்காமல், முடிவும் எடுக்காமல், யோகனிடம் கொண்டுபோய் விட்டேன். சுற்றி ஒருமுறை நடந்தான், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

"நல்ல வாகனம் முதலாளி. எடுங்க."

"வடிவாப் பாத்துச் சொல்லு யோகன்."

"உங்களுக்குப் பிடிச்சிருக்குத்தானே? எடுங்க."

அவன் காலில் விழுந்து, ஒரேயொரு தடவை வேணாம் என்று சொல்லடா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. சாவியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரைதீவுச் சந்தியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.