‘ஏலாது’ சொல்லப் பழக்கிய நானா

எங்கள் புத்தளம் கரையில் நல்ல மனிசர்களையெல்லாம் ஒரு சொல் சொல்ல வைப்பதற்காகவே பிறந்தவர் ஒருவர் இருந்தார். அந்தச் சொல் ‘ஏலாது’, அதாவது முடியாது. அதனால், அண்ணனை நானா என்கிற எங்கள் ஊரில், அவருக்குப் பெயரே ‘ஏலாது’ நானா. உம்மா வாப்பா வைத்த பெயர் என்னவென்று அவரிடம் கேட்டால், அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

தொழில், மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பது. ஆனால் மீன் விற்றதைவிட, கையில்லாதவர், காலில்லாதவர், கண் தெரியாதவர் என்று ஊரில் உள்ள எல்லாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவுக்காகப் பிரதேச செயலகத்துக்கு அலைந்ததுதான் கூட. யாரும் அவரை அழைக்கவில்லை. அவராகவே வருவார். மீன் வாடை தாங்காமல் அந்தக் கந்தோரில் இவர் காரியத்தை மட்டும் சுறுக்காக முடித்து அனுப்பிவிடுவார்கள். “பாத்தியா தம்பி, எனக்கு அங்க எவ்வளவு மரியாதை!” என்பார் என்னிடம்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கந்தோருக்குப் போவதில் எங்கள் சனங்களுக்கு ஒரு வியாதி இருந்தது. யார் ‘எப்படிச் சுகம்?’ என்று கேட்டாலும் ‘அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையுமில்ல’ என்றுதான் வாய் சொல்லும். கொடுப்பனவு கேட்கப் போன இடத்திலும் அதையே சொன்னால் யார் கொடுப்பார்கள்? கண் பார்வை அறவே இல்லாத காதர் அப்பா, விசாரிக்க வந்த அதிகாரி மிஸ்ஸிடம் மரியாதைக்கு, “மகள், உங்கட சாரி மிச்சம் வடிவா ஈக்கிது” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், சேலையின் அழகு தெரிகிறவருக்குக் கொடுப்பனவு எதற்கென்று கதை முடிந்தது.

என் ராத்தாவின், அதாவது அக்காவின் மாப்பிள்ளை உவைஸ் மச்சானின் கதையும் அதுதான். மச்சான் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் சுழியோடியவர். ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. ராத்தா இடியப்பம் அவித்து விற்றுத்தான் வீட்டில் உலை கொதித்தது. மச்சானின் மருந்துக்கு அந்தக் கொடுப்பனவு கட்டாயம் வேண்டும்.

முதல் தடவை கந்தோரிலிருந்து ஓர் ஐயா வீட்டு நிலைமை பார்க்க வந்தார். வீட்டுக்கு வருகிற மனிசரை வெறுமனே உட்கார வைக்கலாமா? ராத்தா அக்கம்பக்கத்தில் குஷன் கதிரைகள், மேசைத்துணி, பூப்போட்ட கோப்பைகள் எல்லாம் இரவல் வாங்கினாள். மச்சானுக்குப் புதுச் சாரம், தொப்பி, அத்தர். வட்டிலாப்பம் வேறு. “எப்படி இருக்கிறீங்க?” என்று ஐயா கேட்டார். “அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஈக்கிறேன்” என்றார் மச்சான். ஐயா வட்டிலாப்பத்தை ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இவர்களுக்கு உதவி தேவையில்லை என்று கந்தோரிலிருந்து பதில் வந்தது.

கேள்விப்பட்டதும் நானா மீன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

“அட மடையனுகளே! அல்லாஹ்க்குச் செல்ற பதில் வேற, கந்தோருக்குச் செல்ற பதில் வேற! இனி நான் பழக்குறேன்.”

அன்றிலிருந்து தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒத்திகை. நானா கதிரையில் கால்மேல் கால் போட்டு, சிரிக்காத முகத்தோடு உட்காருவார். அவர்தான் அதிகாரி.

“எழும்பி நடக்க ஏலுமா?”

“இன்ஷா அல்லாஹ்...”

“யா ரப்பே! ‘ஏலாது’ன்னு செல்லுடா!”

“வாய் வருதில்லயே நானா. அது நன்றிகெட்ட பேச்சில்லயா?”

நானா தலையில் அடித்துக்கொள்வார். அவருடைய பாடத்துக்கு மறுபக்கமும் இருந்தது. கை விளங்காத ஒரு பொம்பிளை, பழக்கியது கூடிப்போய், ‘உங்கட பேரென்ன?’ என்று கேட்டதற்கும் ‘ஏலாது மிஸ்’ என்றிருக்கிறாள்.

இரண்டாவது தடவை வீடு பார்க்க ஒரு மிஸ் வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலையே நானா வந்து வீட்டிலிருந்த நல்ல கதிரைகளையும் சுவர் மணிக்கூட்டையும் தூக்கித் தன் வீட்டில் போட்டார். “தேத்தண்ணி கூட குடுக்கக் கூடாது!” என்று ராத்தாவை எச்சரித்தார். ராத்தா தலையாட்டிவிட்டு, குசினியில் போய் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள்.

மிஸ் முன்னேஸ்வரம் கோயில் பக்கத்துத் தமிழ் ஆள். ஸ்டூலில் உட்கார்ந்து, மச்சானைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்.

“உங்களுக்கு என்ன செய்ய ஏலாமல் இருக்கு?”

நானா மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணால், கையால், வாயால் ‘ஏலாதுன்னு செல்லு, செல்லு’ என்று ஆடிக்கொண்டிருந்தார். மச்சான் நிலத்தைப் பார்த்தார்.

“கடலுக்குப் போக ஏலாது மிஸ். ராவைக்கு அலைச் சத்தம் கேக்குது. கரை இந்தா ஈக்கிது. வீல் செயார் மணலுக்க ஓடுதில்ல. கடலக் கண்ணால பாத்து ரெண்டு வருஷம்.”

இவ்வளவு அழகாக ஒத்திகையில் ஒரு நாளும் வந்ததில்லை. நானா துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். மனிசர் அசையவில்லை. கண் இரண்டும் கலங்கிவிட்டன.

“ஏன்டா இத எனக்கிட்டச் செல்லல்ல?” என்று கத்திக்கொண்டு வந்து, மச்சானை அப்படியே முதுகில் தூக்கினார். மச்சான் நல்ல உயரம். நானா கருவாடு மாதிரி. வாசல் படலையைத் தாண்டி, தள்ளாடித் தள்ளாடிக் கடற்கரைப் பக்கம் போனார்.

மிஸ் பேனையோடு வாயைப் பிளந்துகொண்டிருந்தார். “எங்க போறாங்க?”

“கடலுக்கு மிஸ்” என்றாள் ராத்தா. அவளுக்குக் கோபம். “வந்த அலுவலயும் கெடுத்திட்டார். இந்த மனிசனுக்குத்தான் முதல்ல கொடுப்பனவு குடுக்கணும்!” என்றவள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணியை நீட்டினாள்.

மிஸ் வாங்கிக் குடித்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. “அவரை இன்னொருத்தர் தூக்கித்தான் கொண்டுபோகணும் என்றதை இதைவிட எப்படிக் காட்டுறது? எழுதிட்டேன் தங்கச்சி. கட்டாயம் கிடைக்கும்.”

ராத்தா அழுதாள். நான் செய்தியைச் சொல்லக் கரைக்கு ஓடினேன். மச்சான் ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். அலை வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. பக்கத்தில் நானா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தபடி, மச்சான் சாய்ந்து விழாமல் தோளைத் தாங்கியிருந்தார்.

“நானா, கிடைச்சிட்டு!” என்று கத்தினேன்.

“சத்தம் போடாத தம்பி. அவன் கொஞ்சம் கடலப் பாக்கட்டும்.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இந்த மனிசன் எனக்குக் கூடப்பிறந்த நானாவாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன்.