நான்காம் சுற்றுப்பாதை வதைப் படலம்

பென்சிலே செங்கோலாக, அழிரப்பரே கேடயமாக, சக்கரம் ஒன்று கழன்ற நாற்காலியே சிங்காதனமாகப் பாடநூல் நிறுவனத்தின் மூன்றாம் மாடி மூலையில் வீற்றிருந்து அரசாளும் படக்காரர் வாழி! செம்பருத்திப் பூவை நெடுக்காகப் பிளந்து காட்டிய மாவீரர் வாழி! எரிமலையின் வயிற்றைக் கீறி, உள்ளே கொதிப்பவற்றுக்கெல்லாம் பெயர் எழுதிய பெருந்தகை வாழி! தவளையின் இதயத்து அறைகள் மூன்றையும் மூன்று வண்ணத்தில் தீட்டி, அதுவே தம் வாழ்நாளின் தலையாய படைப்பென்று தாமே அறிவித்துக்கொண்ட தன்னடக்கச் செம்மல் வாழி, வாழி! தொந்தி மேசையில் இடிக்காதபடி சற்றே பின்வாங்கி அவர் கையால் ஒரு வட்டம் போட்டாரென்றால், காம்பஸும் வெட்கித் தலைகுனியும் என்பர். என்பவர் அவர் ஒருவரே.

இப்பேர்ப்பட்ட வீரரின் நெஞ்சில் தைத்த முள் எதுவெனின், சொல்லவே நா கூசுகிறது. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துபவள் அவர் மனைவி; வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே மூக்கின் மேல் அதை அணிந்திருந்த நம் தலைவர், அவளுடைய பாடநூலைத் தற்செயலாகப் புரட்டினார். செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைகளை அவர் வரைந்திருந்த பக்கம் மட்டும் கைக்குத் தடிப்பாகத் தட்டுப்பட்டது. நோக்கினார், நோக்கியவர் நிலைகுலைந்தார். அவருடைய படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒன்று நான்கு புறமும் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. தாளின் மேல் சாதாரணப் பால்பாயின்ட் பேனாவால், கோணல்மாணலாக, ஒரு பந்தும் மூன்று வளையமும். பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உயிரோடு புதைக்கப்பட்ட தம் படம் அடியில் மங்கலாகத் தெரிந்தது.

"பிள்ளைங்களுக்குப் புரியலைங்க," என்றாள் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. "பூமியைக் காட்டி நூல்கண்டுன்னு சொல்றாங்க. அதான் ஒட்டிட்டேன்."

பகைவர் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். கட்டிய மனைவி சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? அன்றிரவு உணவு அவருக்கு இறங்கவில்லை, இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டது தவிர. மறுநாட் காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, குழாயடியில் நின்று, திசை எட்டும் அதிர அவர் சூளுரைத்தார்: "அடுத்த பதிப்பு வருது பாரு! இனிமே என் படத்து மேல ஒரு துண்டுத் தாள் ஒட்டினா, நான் பென்சிலையே தொடமாட்டேன்! இது சத்தியம்!"

"சரி, முதல்ல தண்ணிய மூடுங்க," என்றாள் டீச்சர்.

இனி, அந்தப் படம் நூல்கண்டாகிய கதையைச் சுருங்கச் சொல்வோம். அந்த மாடியில் பழமையான சட்டம் ஒன்று உண்டு. வரைந்த படத்தின் அச்சுத்தாள் மேசை மேசையாக உலா வரும். வழியில் யார் என்ன குறித்தாலும், குறித்தது யார், ஏன் என்றெல்லாம் கேளாமல் படக்காரர் அதை வரைந்தாக வேண்டும். தாளில் ஏறியது தலையெழுத்து. அவ்வாறு குறிப்போருள் முதல்வர், புதன்கிழமைதோறும் கல்லூரியிலிருந்து வந்து போகும் பாட வல்லுநர். அம்புக்குறி போடுவதில் அடங்காத ஆசை உடையவராதலால் அம்பு சார் என்று பெயர்பெற்றவர். அலுவலகக் குவளைத் தேநீர் தொண்டை வரைக்கும் எட்டாது என்று, அகன்ற அடிப்பாகம் கொண்ட தம் சொந்தக் கண்ணாடித் தம்ளரைக் கைப்பையில் சுமந்து வருபவர்.

சூளுரைத்த வாரமே நம் தலைவர் போர் தொடங்கினார். நடுவில் பூமி, அதை ஒட்டினாற்போல் தாழ்வான பாதை ஒன்று, இரு துருவங்களுக்கும் மேலாகப் போவது ஒன்று, வெகு தொலைவில், பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் வானத்தில் ஓரிடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோளின் பாதை ஒன்று, ஆக மூன்றே வளையங்கள் என்று, பூமியின் முகத்துக்குக் குறுக்கே முழுக் கோடும் தெரியும்படி வரைந்து அனுப்பினார். திரும்பி வந்த தாளைக் கண்டோர் கலங்கினர். செயற்கைக்கோள் போகும் திசைக்கு ஓர் அம்பு, பூமி சுழலும் திசைக்கு ஓர் அம்பு, சூரிய ஒளி வரும் வழிக்கு ஓர் அம்பு, இடமிருந்தால் நிலா எங்கிருக்கும் என்பதற்கு ஓர் அம்பு, இவை போதாவென்று, அம்பு எங்கே என்று தேடுவோர்க்காக அம்பைச் சுட்டும் ஓர் அம்பு! கார்காலத்து மழையென இறங்கிய அம்புகளைத் தலைவர் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி எறிந்தார். அடுத்த புதன்கிழமை அவை சுற்றத்தோடு திரும்பி வந்தன.

அவ்வாறு வந்த தாள் ஒன்றில்தான் அந்த மாயம் நிகழ்ந்தது. மூன்று வளையங்களுக்கு நடுவே நான்காவதாக ஒன்று இருந்தது. மங்கிய பழுப்பு நிறம். மையம் சற்றே விலகி, பூமியின் வலக் கன்னத்தை உரசிக்கொண்டு பக்க எண் வரைக்கும் நீண்டிருந்தது. இது என்ன பாதை என்று தலைவர் தலையைச் சொறிந்தார். படித்தவர் போட்டால் காரணம் இல்லாமலா போடுவார் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, சட்டம் தவறாத அந்தச் சான்றோர் அதைப் பச்சை நிறத்தில் பளிச்சென்று வரைந்தார்.

பச்சை வளையத்தைக் கண்ட அம்பு சார் துணுக்குற்றார். தமக்குத் தெரியாத பாதை ஒன்று வானில் இருப்பதாவது! அப்படியே இருந்தாலும், தெரியாது என்பதைப் பிறர் அறிவதாவது! உடனே அதற்கு 'இடைநிலைச் சாய்வுப் பாதை' என்று பெயர் சூட்டி, நான்கு அம்புகளையும் வாரி வழங்கினார். பெயரைக் கண்ட பதிப்பாசிரியை, பாடத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி கேட்டாள். அம்பு சார் கண் இமைக்காமல் எழுதிக் கொடுத்தார். பத்தி இருந்தால் வினா வேண்டுமே என்று பயிற்சிப் பகுதியிலும் அது ஏறியது: 'இடைநிலைச் சாய்வுப் பாதையின் பயன்கள் யாவை?' கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பது இதுதான் போலும்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பழைய படமாவது நூல்கண்டு. புதியது பூனை விளையாடிய நூல்கண்டு. அச்சுக்குப் போகும் நாளோ நெருங்கிவிட்டது. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க, இல்லன்னா பழைய படத்தையே போட்டுடறேன்," என்று பதிப்பாசிரியை முரசறைந்தாள். பழைய படமென்றால் மீண்டும் வெள்ளைத்தாள், மீண்டும் பசை. தலைவர் எழுந்தார், சட்டைப் பைக்குள் பென்சிலைச் செருகினார், அவ்வலுவலகத்து நீள்மேசையாகிய போர்க்களத்தில் புகுந்தார்.

அப்போதுதான் அச்சுப்பொறியிலிருந்து எடுத்த படம், மை உலராமல், நடுவில் கிடந்தது. ஒருபுறம் படக்காரர். எதிர்ப்புறம், தம்ளர் நிறையத் தேநீரோடு அம்பு சார். நடுவர் ஆசனத்தில் பதிப்பாசிரியை. பக்கத்து மேசையில், தமக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல் காதை நீட்டிக்கொண்டு கணக்காளர்.

"சார், இந்த நாலாவது பாதைய எடுத்துடலாம். இடமே இல்ல," என்றார் தலைவர்.

"அதுலதான் பாடத்தோட உயிரே இருக்கு! அதுவும் நீங்க வரைஞ்சதுதானே?"

"நானா? நீங்க போட்டுக் கொடுத்தீங்க, நான் வரைஞ்சேன்!"

"நான் எங்க போட்டேன்?"

பழைய அச்சுத்தாள் கொண்டுவரப்பட்டது. மேசை மேல் விரிக்கப்பட்டது. பழுப்பு வளையம் எல்லோர் கண்முன்னும் துலங்கியது. அதைக் கூர்ந்து நோக்கும் பொருட்டு, அம்பு சார் தம் தம்ளரை அத்தாளின் ஓரத்திலேயே வைத்தார், நோக்கினார், பிறகு ஒரு மிடறு குடிக்கத் தம்ளரைத் தூக்கினார். அது இருந்த இடத்தில் புத்தம்புதிய பழுப்பு வளையம் ஒன்று பளபளத்தது, பழையதன் உடன்பிறப்பாக.

பதிப்பாசிரியை இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள், தம்ளரைப் பார்த்தாள். அதை வாங்கிப் பழைய வளையத்தின் மேல் வைத்தாள். டப்பாவுக்கு மூடி போட்டதுபோல் பொருந்தியது. விண்ணில் தேவர் மூச்சடக்கினர். மண்ணில் மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"அப்ப, இந்தப் பாதையில எது சுத்துதுன்னு பிள்ளைங்க கேட்டா என்ன சார் சொல்றது?" என்றாள் பதிப்பாசிரியை.

"டீ சுத்துது மேடம்," என்றார் கணக்காளர்.

அம்பு சாரின் காதுகள் சிவந்தன. வரைந்தவருக்கும் சிவந்தன, உண்மையைச் சொன்னால். பெயர் வைத்தவர் பாதிக் குற்றவாளி என்றால், தேநீர்க் கறையைப் பச்சையில் தீட்டியவர் மீதிப் பாதி. பதறிப்போன அம்பு சார் தம்ளரைப் பறிக்க முயன்றார். அது கை நழுவிற்று. எஞ்சிய தேநீர் முழுவதும் புதிய படத்தின் மேல், சரியாகப் பூமியின் தலையில், அபிஷேகம் ஆயிற்று. ஐயோ என்று அலறி, கைக்குட்டையை உருவி, செய்த பாவமெல்லாம் தீர்ப்பவர்போல் அவர் துடைத்தார். உலராத மை கைக்குட்டையோடு போயிற்று. பூமியின் மேற்பாதியில் கிடந்த அம்புகள் போயின, பெயர்கள் போயின, பூமிக்குக் குறுக்கே போன வளையக் கோடுகளின் மேற்பாதியும் போயிற்று.

கைக்குட்டை விலகியது. நால்வரும் குனிந்து பார்த்தனர்.

வளையம் பூமிக்கு முன்னால் வந்தது; பக்கவாட்டில் வளைந்தது; பூமிக்குப் பின்னால் மறைந்தது; மறுபுறம் வெளிப்பட்டது. நெடுங்காலமாகப் பூமியின் முகத்தில் கோடுகளாகக் கிடந்தவை இன்றுதான் முதன்முறையாகப் பூமியைச் சுற்றின!

"அட, பின்னாடி போகுது!" என்றார் அம்பு சார், குழந்தையைப் போல.

தலைவருக்குக் கண் கலங்கியது. ஆனந்தம் பாதி; இத்தனை காலமும் தமக்குத் தோன்றாதது ஒரு கைக்குட்டைக்குத் தோன்றிவிட்டதே என்ற பொறாமை பாதி. அதன்பின் பகையேது? இருவரும் தோளோடு தோள் இடிக்க அமர்ந்தனர். பூமிக்குப் பின்னால் போகும் கோடுகளையெல்லாம் அழித்தனர். பெயர்களை அந்தந்த வளையத்தின் மேலேயே எழுதினர். நான்காம் பாதை பத்தியோடும் வினாவோடும் வேரறுக்கப்பட்டது. வளையத்துக்கு ஓர் அம்பாவது வேண்டும் என்று அம்பு சார் கெஞ்ச, வென்றவர் பெருந்தன்மையோடு அளித்தார்.

மாதங்கள் உருண்டன. அச்சேறிய நூல் வந்தது. தலைவர் அதைச் சாப்பாட்டு மேசையில் தற்செயலாகக் கிடப்பதுபோல் கிடத்தி, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கலானார். டீச்சர் எடுத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். படம் வந்தது. விரலால் வளையத்தைத் தொடர்ந்தாள். பூமியின் பின்னே விரல் நின்றது. மறுபக்கம் தாவி மீண்டும் ஓடியது.

"நல்லாருக்குங்க," என்றாள். "இது புரியும். இதுக்கு ஒட்ட வேணாம்."

ஆகா! சங்குகாள், முழங்குங்கள்! முரசுகாள், அதிருங்கள்! அம்புமழை கடந்து, தேநீர்க்கடல் நீந்தி, கட்டிய மனைவியின் வாயாலேயே நற்சான்று பெற்று, சூளுரை காத்து, பென்சில் துறவாத பெருவாழ்வு எய்தி, நாற்காலி நெளியத் தோள் விம்மி, தொந்தி தள்ளி, மூவுலகும் நோக்க நிமிர்ந்து அமர்ந்த படக்காரரின் புகழ், ஞாயிறும் திங்களும் உள்ளளவும், அவற்றைச் சுற்றுவனவும் சுற்றப்படுவனவும் உள்ளளவும், ஏழாம் வகுப்பு என்று ஒன்று உள்ளளவும் நின்று நிலவுக!

டீச்சர் அடுத்த பாடத்தைப் புரட்டி, தவளையின் இதயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பசை டப்பாவை எடுத்துவரச் சொன்னாள்.