ராணியைக் கொடுத்தும் தீராத புதிர்

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு, முதல் இதழிலிருந்து சந்தா கட்டிவரும் ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. காரணம் தாங்கள்தான்.

சதுரங்கப் புதிர்களை இனி கம்ப்யூட்டரே அமைக்கும் என்று பெருமையாக அறிவித்திருக்கிறீர்களே, யாரைக் கேட்டு அறிவித்தீர்கள்? இத்தனை வருடம் நான் கட்டத்தைப் பார்த்தா விடை கண்டேன்? கீழே போட்டிருக்கும், புதிரை அமைத்தவர் பெயரைப் பார்த்து ஐயா! டிக்கெட் இல்லாதவனை முகத்தை வைத்தே பிடித்தவன் நான். பல் டாக்டர் அமைத்த புதிரா, மூலைச் சிப்பாயைப் பிடுங்கினால் தீர்ந்தது. வக்கீல் அமைத்ததா, ராணியை வெட்டக் கொடுத்துவிட்டு அலட்டிக்கொள்வார். இந்த மெஷினுக்கு முகமும் இல்லை, குணமும் இல்லை. போன வாரம் ராணியைக் கொடுத்துப் பார்த்தேன், குதிரையைக் கொடுத்துப் பார்த்தேன், கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போச்சு. விடை என்னவாம்? ராஜா ஒரு கட்டம் தள்ளிச் சும்மா நிற்கணுமாம்! எதிராளி வேறு வழியில்லாமல் தானே நகர்ந்து மாட்டிக்கொள்வானாம்! இதெல்லாம் ஒரு புதிரா?

அதுவும் யார் முன்னாடி? எங்கள் சம்பந்தி, என் மகளின் மாமனார் முன்னாடி! ஞாயிறு தவறாமல் வருவார், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார், நான் உளறும்வரை வாயைத் திறக்க மாட்டார். அன்னிக்குத் திறந்தார். "விடுங்க சம்பந்தி, வயசாகுதில்ல" என்றார். உடம்பெல்லாம் எரிஞ்சுது எனக்கு. அதோட விட்டுதா? ஃபிரிட்ஜ் வாங்கறதிலேர்ந்து கண் டாக்டர் வரைக்கும் என் மனைவி இப்போ, "உங்களுக்கு ஏன் சிரமம், சம்பந்தி அண்ணனையே கேட்டுக்கறேன்"ங்கறா. என் வீட்ல எனக்கு மரியாதை போச்சுய்யா!

ஆகவே அந்த மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டுப் பல் டாக்டரைத் திரும்பக் கூப்பிடவும். இக்கடிதத்தை ஒரு எழுத்துகூடக் குறைக்காமல் முன்பக்கத்திலேயே பிரசுரிக்கவும். தங்கள் இதழ் பல்லாண்டு தழைக்க வேண்டும் என்று கொதிப்புடன் வாழ்த்தும்,
பழைய சந்தாதாரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டாள். "தானா ஒண்ணும் செய்யறதில்ல, சும்மா நின்னே அடுத்தவனை மாட்டிவிடுதா? அப்படியே சம்பந்தி அண்ணன் குணமாச்சே!" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. இந்த வாரப் புதிரை எடுத்து, சம்பந்தியாக இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். யானையை ஒரு கட்டம் நகர்த்திச் சும்மா நிறுத்தினேன். தீர்ந்தது! ஞாயிறு என்று வழக்கம்போல வந்த சம்பந்தி எதிரே உட்கார்ந்து அதே புதிரோடு இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்; அவர் குணம் அவருக்கு எங்கே தெரியும்? மெஷின் பாட்டுக்கு இருக்கட்டும். கடிதத்தை மட்டும் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். சம்பந்தியும் உங்கள் சந்தாதாரர்தான்.